வழிமறித்த மெயில்கள்

கதவும் ஜன்னலும் செய்யும் அந்தக் கம்பெனியின் முதலாளிக்கு வாய்ப்பேச்சில் நம்பிக்கை கிடையாது. வாயால் சொன்னதை எவனும் எப்போது வேண்டுமானாலும் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று கழற்றிவிடலாம் என்பது அவர் கட்சி. அதனால் எதுவானாலும் மெயில்தான். அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிட வேண்டுமா, மெயில். மின்விசிறி சத்தம் போடுகிறதா, மெயில். காபி வேண்டுமென்றால்கூட பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் வரவேற்புப் பெண்ணுக்கு இரண்டு வரி எழுதுவார். "காபி தேவை. சர்க்கரை ஒரு கரண்டி." கீழே முழுப் பெயரும் பதவியும் வேறு இருக்கும்.

எழுதுவதில் அவருக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். காலையில் எழுதுகிறவர் தங்கமான மனிதர். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து எழுதுகிறவர் இருக்கிறாரே, அவரிடம் யாரும் மாட்டக் கூடாது. சாப்பாடு எல்லாருக்கும் தூக்கத்தைக் கொடுக்கும். அவருக்கு மட்டும் கோபத்தைக் கொடுத்தது. இரண்டு மணிக்கு ஏறும் கோபம் மூன்றரைக்கு இறங்கிவிடும். ஆனால் அதற்குள் யாராவது ஒருவருக்கு மெயில் போயிருக்கும்.

போன மெயிலைத் திருப்பிக் கூப்பிட ஒருவர் இருந்தார். அவரை எல்லாரும் ஒயர்காரர் என்று கூப்பிட்டார்கள். பதினைந்து வருடங்களுக்கு முன்னால் டெலிபோன் ஒயர் இழுப்பதற்காக ஒரே ஒரு நாள் வேலைக்கு வந்தவர். அவர் ஏணியில் நின்றுகொண்டிருந்தபோதே கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. ஒயரைத் தொடுகிறவனுக்கு இதுவும் தெரிந்திருக்கும் என்று முதலாளி தாமாகவே முடிவு செய்தார். ஒயர்காரரும் தெரியாது என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை ராத்திரி பகலாக உட்கார்ந்து கற்றுக்கொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள் முதலாளி கீல் அனுப்பும் வியாபாரிக்கு, "உங்கள் கீலைவிட உங்கள் மூளை சீக்கிரம் துருப்பிடிக்கிறது" என்று எழுதிவிட்டார். மூன்றரைக்கு வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"அதை எப்படியாவது திருப்பிக் கூப்பிடுப்பா."

'திரும்பப் பெறு' என்று ஒரு பொத்தான் இருப்பதை ஒயர்காரர் எங்கோ படித்திருந்தார். தட்டிவிட்டார். அந்தப் பொத்தானின் லட்சணம் அப்புறம்தான் தெரிந்தது. அது போன மெயிலை இழுத்துக்கொண்டு வரவில்லை. "இன்னார் முன்பு அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்" என்று இன்னொரு மெயிலை அனுப்பிவைத்தது. முதல் மெயிலைத் திறந்துகூடப் பார்க்காமல் இருந்த வியாபாரி, அப்படி என்னதான் எழுதியிருக்கிறான் என்று உடனே திறந்து, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். ஆறு மாதத்துக்குக் கீல் வரவில்லை.

அந்த ஆறு மாதத்தில் ஒயர்காரருக்கு ஒரு யோசனை வந்தது. போன பிறகு பிடிப்பதால்தானே பாடு? போகவே விடாமல் வைத்தால்? முதலாளி 'அனுப்பு' என்று தட்டுகிற ஒவ்வொரு மெயிலும், மெயில்களை வாங்கி அனுப்பும் மெஷினிலேயே இரண்டு மணி நேரம் நிற்கும்படி யாருக்கும் தெரியாமல் மாற்றிவைத்தார். முதலாளியின் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று பளிச்சென்று காட்டும். மெயிலோ ஒயர்காரரின் மேசைக்கடியில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

நல்ல மெயில்களை அவர் அவ்வப்போது ஒரு தட்டுத் தட்டி உடனே அனுப்பிவிடுவார். காபி மெயில் இரண்டு நிமிடத்தில் போய்விடும். கோப மெயில்கள் மட்டும் நிற்கும். மூன்றரைக்கு முதலாளி அசடு வழிய வந்து நின்றால், ஒயர்காரர் கதவைச் சாத்திக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல் பத்து நிமிடம் படபடவென்று தட்டுவார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொள்வார்.

"வழியிலயே புடிச்சிட்டேன் சார். இன்னும் அரை நிமிஷம் ஆயிருந்தா கையை விட்டுப் போயிருக்கும்."

இதைவிடப் பெரிய மோசடியை அவர் வாழ்க்கையில் செய்ததில்லை. ஆனால் அதிலும் ஓர் ஒழுக்கம் வைத்திருந்தார். முதலாளி வந்து கேட்காமல் ஒரு மெயிலைக்கூட அழித்தது கிடையாது. இரண்டு மணி நேரம் முடிந்தும் கேட்கவில்லை என்றால் அது போக வேண்டிய மெயில், போகட்டும் என்று விட்டுவிடுவார்.

வீட்டில் இந்த வித்தைக்கு நல்ல மரியாதை. அவர் மனைவியின் அண்ணன் டயர் கடை வைத்திருந்தார். எப்போது வந்தாலும் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார். "ஒயர் இழுக்க வந்த ஆளை இன்னும் எத்தனை நாளைக்கும்மா வெச்சிருப்பாங்க? பேசாம நம்ம கடைக்கு வரச் சொல்லு. எனக்குக் கீழ ஒரு ஆள் வேணும்." அந்த 'எனக்குக் கீழ' என்பதைச் சொல்லும்போது குரலில் ஒரு குளிர்ச்சி தெரியும். மனைவியும் சளைத்தவள் இல்லை. "அவர் இல்லன்னா அந்தக் கம்பெனியில ஒரு கதவு திறக்காது, ஒரு ஜன்னல் மூடாது" என்பாள். பதினைந்து வருடமாக அவள் விட்டுக்கொடுத்ததில்லை. இந்த வேலை போனால் டயர் கடைதான் என்பது ஒயர்காரருக்குத் தெரியும். அந்தக் கடையில் மச்சானுக்குக் கீழே உட்கார அவர் தயாராக இல்லை.

அப்படியிருந்த மனிதருக்கு ஒரு கடைவாய்ப் பல் வினையாக வந்தது.

வெளியே போகும் நாட்களில் அந்த இரண்டு மணி நேர நிறுத்தத்தை எடுத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்று காலை பல்வலியில் கண் தெரியவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடியவர் நிறுத்தத்தை எடுக்க மறந்துபோனார். பத்தேகாலுக்கு முதலாளி அறுப்புப் பிரிவு மேஸ்திரிக்கு ஒரு மெயில் அனுப்பினார். புதுக் கட்டடத்துக்கான கதவுகளின் அகலம் முப்பத்தாறு அங்குலம் இல்லை, நாற்பது அங்குலம், பழைய அளவில் அறுக்க வேண்டாம் என்று. நல்ல மெயில்தான். தட்டிவிட ஆள் இல்லை. பன்னிரண்டேகாலுக்கு அது மேஸ்திரியிடம் போய்ச் சேர்ந்தபோது, அவர் இருபத்திரண்டு கதவுகளை முப்பத்தாறு அங்குலத்துக்கு அறுத்து அடுக்கிவிட்டு, கையில் இருந்த தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஒயர்காரர் மரத்துப்போன கன்னத்தோடு பன்னிரண்டரைக்கு வந்தார். கீழே நடந்த கூச்சலைக் கேட்டார். அந்த இருபத்திரண்டு கதவுக்கும் மேஸ்திரி பொறுப்பில்லை, முதலாளி பொறுப்பில்லை, தான் மட்டுமே பொறுப்பு என்பது அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலாளி சாப்பிடப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டார். இதைவிட மோசமான நேரத்தை யாராலும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

இரண்டு பத்துக்கு ஒயர்காரர் திரையில், நிற்கும் மெயில்களின் வரிசையில், ஒன்று வந்து விழுந்தது. ஆட்களை எடுப்பதும் நீக்குவதும் பார்க்கும் மேடத்துக்கு. தலைப்பு: 'ஒயர்காரரை நீக்குவது'.

தலைப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் தனக்குப் போட்டுக்கொண்ட விதி. நீங்களாக இருந்தால் நிறுத்தியிருப்பீர்களா? அவரும் திறந்தார்.

"நம் மெயில் மெஷின் மந்தமாகிவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அதைவிட மந்தம். இவருக்குக் கதவு எது, ஜன்னல் எது என்றுகூடத் தெரியாது. வேறு எங்கும் வேலை கிடைக்காதே என்ற இரக்கத்தில்தான் இத்தனை வருடம் வைத்திருந்தேன். இன்றோடு நிறுத்திவிடவும்."

மந்தம் என்றதை அவர் பொருட்படுத்தவில்லை. கதவு, ஜன்னல் என்றதையும் விழுங்கிவிட்டார். இரக்கம் என்ற வார்த்தைதான் நெஞ்சில் தைத்தது. அப்படியானால் முதலாளி வாங்கிக் கொடுத்த இந்த மெத்தை வைத்த நாற்காலி, 'நீ இல்லன்னா என்னப்பா பண்ணுவேன்' என்று தோளில் தட்டியது, எல்லாம் இரக்கமா? மச்சான் பதினைந்து வருடமாகச் சொன்னது சரிதானா? கண் கலங்கிவிட்டது. பல்வலி என்று நினைத்து வரவேற்புப் பெண் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நாலு பத்துக்கு மெயில் கிளம்பிவிடும். ஒரு பொத்தானைத் தட்டினால் அழிந்துவிடும். விரல் இரண்டு தடவை அதன்மேல் போய்விட்டுத் திரும்பியது. கேட்காமல் அழிப்பதில்லை என்ற ஒரே ஒரு நேர்மையையும் தன் வேலைக்காகவே விட்டால், அப்புறம் அந்த மெயிலில் இருப்பதெல்லாம் உண்மையாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. மூன்றரைக்குக் கோபம் இறங்கும், வருவார் என்று காத்திருந்தார்.

மூன்றரைக்கு முதலாளி அறைக் கதவு திறந்தது. வெளியே வந்தார். ஒயர்காரரைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடிக்கொண்டது. உத்தரத்தைப் பார்த்தார்.

"பல்லு எப்படிப்பா இருக்கு?"

"பரவால்ல சார்."

"ம்." உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் ஒயர்காரருக்கு முழுச் சிக்கலும் புரிந்தது. மெயிலைத் திருப்பிக் கூப்பிட முடிந்த ஒரே ஆள் அவர். மெயிலும் அவரைப் பற்றியது. உன்னை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி எழுதிவிட்டேன், கொஞ்சம் பிடித்துக் கொடு என்று எந்த முதலாளி வந்து கேட்பார்? இவராகவே போய்ச் சொல்லலாமென்றால், அது உனக்கு எப்படித் தெரியும் என்று வரும். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை மென்று விழுங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்து நிமிடத்தில் வரவேற்புப் பெண் வந்தாள். விரலை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அனுப்பின மெயிலை நாமளே திரும்ப எடுக்கறதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான். சும்மா. என் தோழிக்கு ஒன்னு அனுப்பிட்டேன்." சொல்லும்போதே கண் முதலாளி அறைப் பக்கம் போய்விட்டு வந்தது.

ஒயர்காரருக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "மேல 'திரும்பப் பெறு'ன்னு ஒரு பொத்தான் இருக்கும்" என்றார். "ஆனா அதை நம்பாதம்மா" என்று அவர் முடிப்பதற்குள் அவள் பாதி தூரம் போய்விட்டாள்.

மூன்று நாற்பதுக்கு, நிற்கும் மெயில்களின் வரிசையில் இன்னொன்று விழுந்தது. "மேற்படி மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறேன்." அதன் கீழே இன்னொன்று. இன்னொன்று. தட்டினால் எதுவும் நடக்கவில்லை என்று மனிதர் விடாமல் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று நாற்பத்துநாலுக்கு ஒயர்காரர் எண்ணிப் பார்த்தார். பதினொன்று.

ஒயர்காரருக்கு உடம்பெல்லாம் லேசானது. இரக்கப்படுகிறவன் ஒரு தடவை தட்டுவான். பதினொரு தடவை தட்ட மாட்டான். வாய்விட்டுச் சிரிக்கப் போனவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். இந்தப் பதினொன்றும் முதலாளி அனுப்பியவைதானே? அவையும் இரண்டு மணி நேரம் நிற்கும். நீக்கச் சொன்ன மெயில் நாலு பத்துக்குப் போகும். வேண்டாம் என்ற மெயில்கள் ஐந்து நாற்பதுக்குத்தான் போகும். நடுவில் ஒன்றரை மணி நேரம். அவர் நாற்காலியைக் காலி செய்து, மேசையைத் துடைத்து, வாசலில் வைத்து வழியனுப்ப மேடத்துக்கு அது தாராளமாகப் போதும். மேடம் அவ்வளவு சுறுசுறுப்பானவர்.

இதற்குள் முதலாளி பொறுக்க முடியாமல் மேடத்தின் அறைக்கே போய்விட்டார். பேச்சு அப்படியே காதில் விழுந்தது.

"என்கிட்ட இருந்து ஏதாவது மெயில் வந்துச்சாம்மா?"

"இல்லையே சார். எப்ப அனுப்பினீங்க?"

"ரெண்டு பத்துக்கு."

"வரலியே சார். மணி நாலாகப் போகுது."

பிறகு செருப்புச் சத்தம் நேராக ஒயர்காரர் அறைக்கு வந்தது. முதலாளி கதவைச் சாத்தினார். நாற்பது வருடம் அங்குலம் அங்குலமாக அளந்து பிழைத்தவர். அந்தக் கண் இப்போது ஒயர்காரரை அளந்துகொண்டிருந்தது.

"காலையில மேஸ்திரிக்குப் பத்தேகாலுக்கு அனுப்பினேன். பன்னண்டேகாலுக்குப் போயிருக்கு. ஒரு நிமிஷம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. மந்தமான மெஷின்னா ஒருநாள் பத்து நிமிஷம், ஒருநாள் அரை மணி ஆகும். அளவெடுத்து வெச்ச மாதிரி ரெண்டு மணி நேரம் மந்தமா இருக்கிற மெஷினை நான் பாத்ததில்ல. அப்புறம் இன்னொன்னு. காபி மட்டும் எப்படிப்பா உடனே வருது?"

ஒயர்காரர் முகத்தில் ஈயாடவில்லை. காது குத்தலாம்தான். ஆயிரம் காரணம் வாயில் வந்தது. ஒன்றையும் சொல்லாமல் திரையை முதலாளி பக்கம் திருப்பினார்.

முதலாளி குனிந்து பார்த்தார். 'ஒயர்காரரை நீக்குவது' என்ற வரி. பக்கத்தில் நேரம்: நாலு பத்து. அதற்குக் கீழே வரிசையாக, ஒன்றின் கீழ் ஒன்றாக, அவருடைய பதினொன்றும் நின்றன. இவர் குட்டும் வெளிப்பட்டது, அவர் குட்டும் வெளிப்பட்டது. முதலாளியின் காது மடல் சிவந்துபோனது.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷம் சார்."

"வழியில புடிச்சேன், அரை நிமிஷத்துல புடிச்சேன்னு சொன்னதெல்லாம்?"

"இங்கதான் சார் இருந்துச்சு."

"அந்த இருபத்திரண்டு கதவு?"

"அதுவும் என்னாலதான் சார். காலையில பல்லுவலியில நிறுத்தத்தை எடுக்காம போயிட்டேன். மேஸ்திரி மேல தப்பில்ல. வந்த உடனே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

மணி நாலு ஏழு. முதலாளிக்குக் கோபம் ஏறுவதற்கு இந்த முறை சாப்பாடு தேவைப்படவில்லை. நியாயமான காரணமே இருந்தது.

"உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?"

"படிச்சேன்."

"முழுசா?"

"முழுசா, சார்."

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த இரக்கம்ங்கிற வரி... அது சாப்பாட்டுக்கு மேல எழுதினது."

நாலு ஒன்பது. ஒயர்காரர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். "சார், நிறுத்துன்னு நீங்க சொன்னா நிறுத்துவேன். சொல்லாம இதுவரைக்கும் ஒன்னையும் தொட்டதில்ல. இதையும் தொட மாட்டேன்."

சொல்வார் என்று நினைத்தார். ஒரு வார்த்தைதானே. முதலாளி அவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், இருபத்திரண்டு கதவையும் நினைத்துக்கொண்டாரோ என்னவோ, உதட்டை இறுக்கிக்கொண்டார். வரிசையின் முதல் வரி மறைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மேடத்தின் கம்ப்யூட்டரில் 'டிங்' என்றது.

நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. மேடம் கதவைத் திறந்துகொண்டு வந்தார். மூக்கில் கண்ணாடி, கண்ணில் திகைப்பு. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், இப்பதான் வந்துச்சு. இது... இன்னைக்கேவா?"

"அது பாதிதாம்மா" என்றார் முதலாளி. "மீதி அஞ்சு நாப்பதுக்கு வரும். அதுவரைக்கும் எதுவும் செய்ய வேணாம்."

"மீதியில என்ன சார் இருக்கும்?"

"வந்தா தெரியும்."

மேடம் ஒன்றும் புரியாமல் போனார். ஒயர்காரருக்கு மூச்சு வந்தது. கை தானாகப் பொத்தானுக்குப் போனது.

"இப்பவே தட்டி விட்டுடட்டுமா சார்? ஒரு தட்டுதான். எல்லாம் போயிடும்."

"கையை எடு." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ரெண்டு மணி நேரம்னு வெச்சவன் நீதானே? மத்தவங்களை நிக்க வெச்சுப் பாத்தே. நீயும் கொஞ்சம் நின்னு பாரு. நடுவுல எனக்கு மனசு மாறுச்சுன்னா, அந்தப் பதினொன்னையும் நிறுத்துன்னு உன்கிட்டதான் வந்து சொல்லணும். சொன்னா நிறுத்துவேல்ல?"

"நிறுத்துவேன் சார்" என்றார் ஒயர்காரர். வேறு என்ன சொல்வார்?

முதலாளி போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த ஒன்றரை மணி நேரம் எப்படிப் போனது என்று ஒயர்காரரைக் கேட்டால் போகவே இல்லை என்பார். தானே அமைத்த மெஷினை, என்ன மந்தமான சனியன் இது என்று தானே திட்டினார். கைகளை நம்பாமல் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். முதலாளியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் நெஞ்சு ஒரு முறை நின்று ஓடியது. தண்ணீர் குடிக்க வந்திருந்தார். குடித்துவிட்டு, இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். ஐந்தேகாலுக்கு மறுபடி திறந்தது. இந்த முறை வேலையே இல்லாமல் வந்து, இவர் வாசலில் நின்று சாவகாசமாகச் சோம்பல் முறித்துவிட்டுத் திரும்பினார். நடுவில் மனைவி போன் செய்தாள். எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். ஐந்து நாற்பதுக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

ஐந்து நாற்பதுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் 'டிங்' என்றது. ஒயர்காரர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். இரண்டு. மூன்று. ஏழாவதில் மேடம் சிரிப்பது கேட்டது. எட்டு, ஒன்பது. பதினொன்றாவதற்குப் பிறகு ஒயர்காரரும் சிரித்தார், கொஞ்சம் அழுதார், முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

முதலாளி அறைக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

"சார், அந்த நிறுத்தத்தை எடுத்துடட்டுமா? இனிமே நீங்க அனுப்பினா அனுப்பின நிமிஷமே போயிடும்."

முதலாளி ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"காலை நேரத்துக்கு எடுத்துடு" என்றார். "மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும் இருக்கட்டும்."